கூடையைக் கவிழ்த்தவளுக்கு

மாதம்மா, இந்தக் கடிதத்தை வீட்டுக்குள் உட்கார்ந்து மனசுக்குள் படிக்காதே. வாசலுக்கு வந்து நின்று, நம் தெருவில் மூங்கில் பிளந்துகொண்டிருக்கிற பத்து வீட்டுக்காரர்களும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கும்படி உரக்கப் படி. உன் அம்மாவை முன்னால் உட்கார வை. நான் தர்மபுரியில் கைத்தொழில் சங்கத்துக் கொட்டகையில் இருந்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். மூங்கில் பிளந்த கைக்குப் பேனா இன்னும் பழகவில்லை. சங்கத்தார் நம் ஊரில் நடத்திய மாலை வகுப்பில் நீயும் நானும் ஒரே நாளில்தான் எழுதத் தொடங்கினோம். ஆறே மாதத்தில் நீ செய்தித்தாளைத் தடுமாறாமல் படித்தாய். நான் அப்போது எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். மகள் என்னை முந்திவிட்டாள் என்று வெளியே சொல்ல வெட்கப்பட்டு, வகுப்பே சரியில்லை என்று ஊரில் சொல்லித் திரிந்தேன். முதலில் அதை ஒப்புக்கொள்கிறேன். அது சின்னப் பொய். பெரிய பொய் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தை மாதம் உனக்குக் கல்யாணம். இங்கே சங்கத்தார் ஒரு பள்ளி திறந்திருக்கிறார்கள்; வைக்கோலில் தேன்கூடு செய்யக் கற்றுக்கொடுக்கும் பள்ளி. அதற்கு வாத்தியாராக என்னைக் கூப்பிட்டார்கள், குடியிருக்க ஒரு வீடும் தருவதாகச் சொன்னார்கள். பாப்பிரெட்டிப்பட்டிச் சந்தையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் இன்று யாருமில்லை. எல்லோருக்கும் நான் 'தேன்கூடை மேஸ்திரி'. ஆனால் அந்தக் கூட்டை முதன்முதலில் செய்தது நான் அல்ல. நீ. நான்கு வருஷமாக இது நம் வீட்டில் மூன்று பேருக்கும் மலையில் ஒருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. இந்த வேலை உனக்குச் சேர வேண்டியது. அதை உனக்கு வாங்கித் தரப் போய், உன் கல்யாணத்தையே கெடுத்துவிடுவேனோ என்று இந்த ஒரு வாரமாக நடுங்கிக்கொண்டிருந்தேன்.

சண்டைக் காலத்தை நினைத்துப்பார். சித்தேரி மலை அடிவாரத்து மூங்கிலை எல்லாம் பட்டாளத்துக்கென்று வண்டி வண்டியாக வெட்டிக்கொண்டு போனார்கள். நம் தெருவில் பத்து வீட்டிலும் கத்தி துருப்பிடித்தது. சர்க்கரைக்கு ரேஷன் வந்து தேனுக்குக் கிராக்கி ஏறியிருந்த நேரம் அது. அப்போதுதான் சங்கத்து ஐயா கதர்ச் சட்டையும் கண்ணாடியுமாக நம் தெருவுக்கு வந்தார். தேனீ வளர்க்கிற பெட்டிக்குப் பலகை கிடைக்கவில்லை, வெளிநாட்டில் வைக்கோலைப் பிரியாக முறுக்கி, சுற்றிச் சுற்றித் தைத்துக் கூடு செய்கிறார்களாம், உங்களால் முடியுமா என்று கேட்டு, ஒரு புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினார். நான் அந்தப் புத்தகத்தை வாங்கி அப்படியே தலைகீழாகத் திருப்பினேன்.

"ஐயா, படத்தத் தலகீழா அச்சடிச்சுப்புட்டாங்க போலிருக்குதுங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நீ கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது. படத்தில் இருந்தது, வாயைத் தரையில் வைத்துக் கவிழ்த்த கூடை. சங்கத்தாரும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் தொழிலில் கூடையைக் கவிழ்த்து வைக்கமாட்டோம். வீட்டில் சாவு விழுந்தால் மட்டும், பாதி பின்னிய கூடை ஒன்றை வாசலில் கவிழ்த்து வைப்போம். காரியம் முடிகிறவரை அது அப்படியே இருக்கும். அதைப் பார்த்தால் கூடை வாங்க வருகிறவர் திரும்பிப் போய்விடுவார். மற்ற நாளில் கூடையைக் காயவைப்பதென்றால்கூடப் பக்கவாட்டில்தான் சாய்த்து வைப்போம். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சாவு வீட்டு வாசல்தான் ஞாபகம் வந்தது. ஆனால் அதைச் சொல்லாமல், கூடைக்காரனுக்கே கூடை சொல்லித் தர வந்துவிட்டார் என்று மனசுக்குள் திட்டினேன். எனக்குத் தெரிந்த மாதிரி செய்கிறேன் என்றேன். பூச்சி குடியிருந்தால் போதும் என்று அவர் போய்விட்டார். இது சரியாக வந்தால் பத்து வீட்டுக்கும் வேலை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் செய்தது தானியக் கூடைதான். வாய் மேலே, அதற்கு ஒரு தட்டை மூடி, எறும்பு நுழையாமல் இருக்கச் சுற்றிலும் சாணி மெழுகு. சித்தேரியில் தேன் எடுக்கிற சடையன் மரப்பொந்திலிருந்து ஒரு தேனீக் கூட்டத்தைப் பானையில் பிடித்துக்கொண்டு வந்தார். என் கூடையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"பொந்துல தேனடை மேலேர்ந்து கீழ தொங்குமுங்க. நீங்க மூடியத் தூக்குனீங்கன்னா அடையும் கூடவே வந்துருமே?"

"அதெல்லாம் எனக்குத் தெரியும், நீ பூச்சிய வுடுய்யா" என்றேன். தெரியாது. தெரியாத விஷயத்தைத் தெரியும் என்று சொல்வதில் உன் அப்பனை மிஞ்ச அந்த மலையிலும் கீழேயும் ஆளில்லை. வாத்தியார் வேலைக்குப் போகிறவள் நீ. இந்த ஒரு குணம் மட்டும் என்னிடமிருந்து உனக்கு வரக்கூடாது. தெரியாததைக் கேட்டுக்கொள். கேட்பவனை யாரும் அடிப்பதில்லை, தேனீதான் கேட்காதவனைக் கொட்டும்.

வைகாசியில் ஐயா பார்க்க வந்தார். தெருவே கூடியிருந்தது. தானியக் கூடை மூடியைத் தூக்குவது போல நான் சடாரென்று தூக்கினேன். ஆறு அடையும் மூடியோடு பிய்ந்து வந்து, தேனும் புழுவும் என் கால்மேல் கொட்டின. அப்புறம் நடந்ததைத் தெருவே சொல்லும். ஐயா கண்ணாடியை விட்டுவிட்டு ஓடினார். எனக்கு ஒரு கண் மூன்று நாள் திறக்கவில்லை. பூச்சி மொத்தமும் மலைப்பக்கம் போய்விட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐயா சொன்னார், கார்த்திகையில் ஒருமுறை வருகிறேன், அப்போதும் இப்படியென்றால் வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான் என்று. நான் படுத்துக்கொண்டேன். கண் வீக்கம் வடிந்த பிறகும் படுத்திருந்தேன். என் மூக்கு உடைந்ததுதான் எனக்குப் பெரிதாக இருந்ததே தவிர, பத்து வீட்டு அடுப்பு ஞாபகத்துக்கு வரவில்லை.

நீ என்ன செய்தாய் என்பதை உன்னிடமே சொல்கிறேன், ஏனென்றால் நான் கவனித்தேன் என்பது உனக்குத் தெரியாது. விதைநெல்லை மாடு விட்டு மிதிக்காமல் கையால் அடித்து எடுக்கிற ஒரு வீட்டுக்கு நடந்து போய், அந்த வைக்கோலைக் கேட்டு வாங்கி வந்தாய். மாடு மிதித்த வைக்கோல் நசுங்கிப் பிரி உடையும் என்று உனக்கு யார் சொன்னார்கள்? மூங்கில் குழாயில் ஒரு வளையத்தை நறுக்கி, வைக்கோலை அதற்குள் விட்டு இழுத்தாய். பிரி முழுக்க ஒரே பருமனாக வந்தது. கோணி ஊசியில் மூங்கில் நாரைக் கோத்து, உச்சியில் தொடங்கி வட்டம் வட்டமாகத் தைத்துக்கொண்டு இறங்கினாய். உச்சியில் ஒரு துளை விட்டு, அதன்மேல் சின்னக் கூடு ஒன்றைத் தொப்பி மாதிரி உட்கார வைத்தாய். தையலை உன் அம்மா பிடித்துக்கொடுத்தாள். கூரை வேய வைக்கோல் முறுக்குகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வது போல நான் பாசாங்கு செய்து படுத்திருந்தேன்.

ஒரு நாள் காலை எழுந்து வெளியே வந்தேன். வாசலில் மூன்று கல்லின்மேல் கூடை கவிழ்ந்திருந்தது. என்ன ஏது என்று கேட்காமல் காலால் ஓர் உதை விட்டேன். அது உருண்டு தெருவில் போய் நின்றது.

"யாருடி செத்தது இந்த வூட்டுல? எவன் சாவுக்குடி கவுத்து வெச்ச?"

நீ பயப்படவில்லை. போய் அதை எடுத்து வந்து, மண்ணைத் தட்டி, அதே மூன்று கல்லின்மேல் மறுபடியும் கவிழ்த்து வைத்தாய்.

"இது கூடை இல்ல நைனா, பூச்சிங்களுக்கு வூடு. கூரைய யாராச்சும் மல்லாத்தி வெப்பாங்களா?"

உன் அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "யாரும் சாவல. சாவறதா இருந்தா உங்க வீம்பு சாவட்டும்."

அன்றைக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோபத்தால் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை மாதம்மா. தலைமுறை தலைமுறையாகக் கூடை பின்னுகிற குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றாத ஒன்று என் மகளுக்குத் தோன்றியிருக்கிறது என்று எனக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. உதைத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அன்றே உன்னைக் கூப்பிட்டு இதைச் சொல்லியிருந்தால் மற்றதெல்லாம் நடந்திருக்காது.

சடையன் இன்னொரு கூட்டத்தைக் கொண்டு வந்தார். கார்த்திகைக்குள் அடை நிறைந்துவிட்டது. மேலே இருந்த சின்னக் கூட்டை மட்டும் நீ கழற்றி எடுத்தபோது அதில் தேன் இருந்தது, புழு இல்லை. கீழே கூட்டம் தன் பாட்டுக்கு வேலை பார்த்தது. "பூச்சி சாவாம தேன் எடுக்கறத இப்பத்தாங்க பாக்கறேன்" என்று சடையன் உன்னைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்கு உறுத்தியது என்று சொன்னால் நம்புவாயா? உறுத்தியது.

மறுநாள் ஐயா வந்தார். கூட்டைச் சாய்த்துப் பார்த்தார். அடை ஒன்றுகூட உதிரவில்லை. நீ கைநிறைய வைக்கோலோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தாய். "யார் செய்தது இது?" என்றார். நம் தெருவில் வீட்டில் யார் பின்னினாலும் சந்தையில் அது வீட்டுக்காரன் கூடைதான். பெண்டாட்டி பின்னியதையும் தம்பி பின்னியதையும் 'என் கூடை' என்று சொல்லித்தான் விற்போம். அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பழக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆசை. "நான்தாங்க" என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய், பிறகு குனிந்து வைக்கோலை ஒழுங்கு பண்ணத் தொடங்கினாய்.

அதற்குப் பிறகு வேலை வந்தது. பத்து வீட்டு அடுப்பும் எரிந்தது. எனக்கு மேடையில் சால்வை போர்த்தினார்கள். வெளியூரிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தால், "போம்மா, இவங்களுக்குக் குடிக்க ஏதாச்சும் கொண்டா" என்று உன்னை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் வளையத்தை எடுத்துக் காட்டுவேன். நீ எதிரே இருந்தால் எனக்குக் கை ஓடாது. நான்கு வருஷம் நீ அடுப்படியில் நின்று, உன் வேலையை நான் விளக்குவதைக் கேட்டிருக்கிறாய். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. அதனால்தான் எனக்கு வசதியாகப் போயிற்று. உன் புருஷன் வீட்டில் இந்தப் பொறுமையை இவ்வளவு தாராளமாகக் கொடுக்காதே. வாங்குகிறவன் கெட்டுப்போவான், உன் அப்பன் கெட்டதைப் பார்த்தாய் அல்லவா.

போன மாதம் பாலக்கோட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அவர்களும் கூடைக்காரர்கள்தான். வெற்றிலையை மடித்துக்கொண்டே மாப்பிள்ளையின் அப்பா உன்னைக் கேட்டார்: "மேஸ்திரி மக, உனக்கும் இந்தத் தேன்கூடை வேலையெல்லாம் தெரியுமாம்மா?" நீ என் பக்கம் பார்க்காமலே சொன்னாய்.

"கொஞ்சம் தெரியுங்க."

கொஞ்சம்! உன்னைப் பெற்றவனின் பொய் கலைந்துவிடக்கூடாது என்று, உனக்குத் தெரிந்ததையெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் மடக்கி வைத்தாய். அவர்கள் சந்தோஷமாகத் தட்டை மாற்றிக்கொண்டார்கள். வெட்கம் என்றால் என்னவென்று என் வயதுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இங்கே கொட்டகையில் முதல் நாள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பாடம் நடத்தியிருக்கலாம். நான்கு வருஷமாகக் கை பழகிவிட்டது. உச்சியைத் தொடங்கவும் தெரியும், தொப்பி உட்கார வைக்கவும் தெரியும். யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. ஒருவன் வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, "இத யாருங்க மேஸ்திரி கண்டுபுடிச்சது?" என்றான். வாய் வழக்கம்போல் 'நான்' என்று திறந்தது. மூடிக்கொண்டேன். பிறகு, "எம் மவ. வளையமும் அவதான், இந்தக் கூடும் அவதான். நான் காலால ஒதச்சவன்" என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். சால்வையை மடித்துக் கொண்டுவந்திருந்தேன். அதை ஐயாவின் மேஜைமேல் வைத்தேன்.

அவருக்குக் கோபம்தான். நான்கு வருஷமாக என்னை ஏமாற்றினாயா என்றார். திட்டி முடித்தபின், பெண்பிள்ளையை வாத்தியாராகப் போட்டால் சங்கத்தில் மற்றவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமே என்று இழுத்தார்.

"தேனீ ஒத்துக்கிச்சுங்களே ஐயா" என்றேன்.

அவர் முகத்தில் இருந்த கடுகடுப்பு அப்போதுதான் கொஞ்சம் விலகியது. நான் மற்றவர்களிடம் பேசுகிறேன், ஆனால் தையில் கல்யாணம் என்கிறீர்களே, மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றால் என்ன செய்வது, முதலில் அவர்களைக் கேட்டு வாருங்கள் என்றார். சரியான கேள்வி. கல்யாணமான பெண் இன்னோர் ஊரில் வாத்தியார் வேலை பார்ப்பது என்று கேட்டதும் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டால்? பொய் சொல்லிப் பெண் கொடுக்க வந்தவன் என்று என்னைச் சொன்னால்? கரியில் ஓடுகிற பஸ்ஸில் பாலக்கோடு போகிற வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றுதான் யோசித்தேன். உன்னைக் கேட்காமல் போகிறோமே என்றும் நினைத்தேன். அது தப்புதான். ஆனால் உன்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் நைனா, விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பாய்.

உன் மாமனார் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சால்வை, பொய், 'கொஞ்சம்', வேலை, வீடு, ஒன்றையும் விடவில்லை. அவர் கையில் இருந்த மூங்கிலைக் கடைசிவரை பிளந்து முடித்தார்.

"அப்ப நான் மேஸ்திரி வூட்டுப் பொண்ண எடுக்கல" என்றார்.

போயிற்று என்று நினைத்தேன்.

"மேஸ்திரியையே எடுக்கறேன். அத மொதல்லியே சொல்றதுக்கு என்னாங்க? என் மவன் தர்மபுரிக்கு வந்து அங்க மூங்கில் பொளக்கட்டும். மூங்கிலுக்கு ஊரு தெரியவா போவுது?"

மாப்பிள்ளை பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து, உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். "எனக்கும் அந்த வளையத்த சொல்லித் தருவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க மாமா" என்றான். மாதம்மா, அந்தத் திண்டாட்டத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல இடம்தான். வாத்தியார் என்ற மிதப்பில் அவனை ரொம்ப விரட்டாதே.

இன்று காலை இங்கே திரும்பி வந்தேன். மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள் என்று ஐயா சொன்னார். வருவதும் வராததும் உன் இஷ்டம். இந்த ஒரு விஷயத்தில் இனி நான் உனக்காகப் பேசமாட்டேன். வந்தால், யாராவது கேட்கும்போது 'கொஞ்சம்' என்று சொல்லாதே. நான் செய்தேன் என்று சொல். அது திமிர் இல்லை, கணக்குச் சரியாக இருப்பது. ஐயா புதுப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, வாத்தியார் என்று போட்டிருந்த இடத்தில் உன் பெயரை எழுதினார். பக்கத்தில் கையெழுத்துக்கு இடம் காலியாக இருக்கிறது, அது நீ வந்து போட வேண்டியது. பிறகு, தகப்பனார் பெயர் என்ன என்று தலையைத் தூக்கிக் கேட்டார். என்னைத் தெரியாதவரா அவர்? கேட்டாக வேண்டும் என்பதற்காகக் கேட்டார். சொன்னேன். உன் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில் எழுதினார். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். என் பெயரை இதைவிட நல்ல இடத்தில் நான் பார்த்ததில்லை.

மாதம்மாவின் தகப்பன்.